ஆமையின் கண்ணிமைக்குள் இருக்கும் புழுவுக்குப் பெயர் வைப்பது எப்படி?

நன்னீர் ஆமை ஒன்றின் உடலில் இதுவரை யாரும் விவரிக்காத தட்டைப்புழுவைக் கண்டுவிட்டதாக உங்களுக்குத் தோன்றுகிறதா? வாழ்த்துகள். ஆனால் அந்த மகிழ்ச்சியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, உங்கள் கோப்பில் என்னென்ன தாள்கள் இருக்கின்றன என்று முதலில் எண்ணிப் பாருங்கள். பினாங்கில் முதுகலை ஆய்வு மாணவியாக இருந்தபோது, ஓர் ஆமையின் கண்ணிமைக்கு உட்புறமிருந்து எடுத்த புழுவை முறைப்படி விவரித்து, கட்டுரையாக்கி, இதழ் ஏற்றுக்கொள்ளும் நிலைக்குக் கொண்டுவர எனக்கு 26 மாதங்கள் ஆயின. அதில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருந்த காலம் நான்கு மாதங்களுக்கும் குறைவு. மீதிக் காலமெல்லாம், தொடக்கத்தில் செய்திருக்க வேண்டியதைச் செய்யாமல் விட்டதற்கு நான் கட்டிய வட்டி.

இவ்வேலையில் முதல் நாள் விட்ட ஒன்றைப் பின்னால் பிடிக்கவே முடியாது. எனவே கீழுள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். என் அனுபவம் மோனோஜீனியா வகுப்பைச் சேர்ந்த பாலிஸ்டோமாட்டிடே குடும்பப் புழுக்களோடு. ஆமையின் வாய், சிறுநீர்ப்பை, கண்ணிமைப் பை ஆகிய மூன்று இடங்களில் இவை வாழ்கின்றன. இரத்தக் குழாயில் வாழும் தட்டைப்புழுக்களை ஆராய்பவர்களுக்கும் புழுவை எடுக்கும் முறையைத் தவிர மற்றவை பெரும்பாலும் பொருந்தும்.

1. ஆமையைத் தொடுவதற்கு முன் அனுமதி

“புழுவுக்கெல்லாம் எதுக்கும்மா பெர்மிட்?” என்று ஓர் அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்தவர் என்னிடம் கேட்டார். அதை அனுமதியாக எடுத்துக்கொண்டு, பினாங்கின் பெருநிலப் பகுதியிலுள்ள நிபோங் திபாலில் மீன் கூட்டுக்குள் சிக்கி மூச்சுமுட்டி இறந்த ஆமை ஒன்றிலிருந்து எட்டுப் புழுக்களை எடுத்தேன். ஓராண்டு கழித்து, எந்த அனுமதி எண்ணின் கீழ் இவை சேகரிக்கப்பட்டன என்று இதழின் பதிப்பாசிரியர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அந்த எட்டும் இன்றும் ஒரு பெட்டியில் இருக்கின்றன. கட்டுரையில் அவற்றுக்கு இடமில்லை. தொலைபேசியில் கேட்ட பதில் எதுவும் அனுமதி ஆகாது. மின்னஞ்சலிலோ கடிதத்திலோ வந்தது மட்டுமே கணக்கு.

நீங்கள் கவனிக்க வேண்டிய சட்டங்கள் ஒன்றல்ல, பல. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010, அதாவது 716-ஆம் சட்டம், தீபகற்ப மலேசியாவில் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் வழியாக நடைமுறையாகிறது. பாதுகாக்கப்பட்ட விலங்குக்கு உரிமமும், முழுமையாகப் பாதுகாக்கப்பட்ட விலங்குக்கு அமைச்சர் தரும் சிறப்பு அனுமதியும் தேவை. உயிரோடு பிடிப்பது மட்டுமல்ல, விலங்கின் உடற்பகுதியை வைத்திருப்பதும் இச்சட்டத்துக்குள் வரும் என்பதால், ‘செத்த ஆமைதானே’ என்ற சமாதானம் செல்லாது. அடுத்தது, பலர் அறியாதது: கூட்டரசு அரசியலமைப்பின் 9-ஆவது அட்டவணையில் ஆமைகளும் ஆற்று மீன்பிடிப்பும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே பினாங்கில் பிடிக்கப்போகும் ஆமைக்குக் கோலாலம்பூரிலிருந்து வரும் தாள் மட்டும் போதுமா என்பதை மாநிலத் தரப்பிடமும் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, உயிரியல் வளங்களை அணுகுவதும் பயன் பகிர்வதும் தொடர்பான 2017-ஆம் ஆண்டுச் சட்டம், எண் 795. இது 2020 டிசம்பர் 18 முதல் நடைமுறையில் உள்ளது. இதன் பார்வையில் ஆமையைப் போலவே புழுவும் ஓர் உயிரியல் வளம். வணிக நோக்கமற்ற ஆய்வுக்கென்று தனி விண்ணப்பம் உண்டு. வெளிநாட்டு இணையாசிரியர் யாருக்காவது மாதிரி அனுப்பும் எண்ணம் இருந்தால் அதை விண்ணப்பத்திலேயே குறிப்பிடுங்கள். பிறகு சேர்ப்பதென்றால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். நான்காவது, உங்கள் பல்கலைக்கழகத்தின் விலங்கு நெறிக்குழு. அதன் ஒப்புதலை முதலில் வாங்குங்கள், ஏனென்றால் மற்ற இடங்களில் அந்தக் கடிதத்தின் நகலைக் கேட்பார்கள்.

என் விண்ணப்பத்தோடு சென்ற தாள்கள் இவை: ஆய்வுத் திட்டம், அதன் இரண்டு பக்கச் சுருக்கம் மலாய் மொழியில், மேற்பார்வையாளரின் கடிதம், குழுவினர் அனைவரின் அடையாள அட்டை நகல், ஆமை இனங்களின் பட்டியல், ஒவ்வொன்றிலும் எத்தனை, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, இடத்தின் வரைபடம், பயன்படுத்தப்போகும் வாகனத்தின் எண். மலாய்ச் சுருக்கத்தை நான் முதல் முறை இணைக்கவில்லை; கோப்பு ஆறு வாரம் அசையாமல் கிடந்தது. ஆமையின் எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னால் விரைவில் கிடைக்கும் என்று யாராவது அறிவுரை சொல்வார்கள். கேட்காதீர்கள், எண்ணிக்கை மீறினால் மீறிய ஆமைகளின் புழுக்கள் எல்லாம் வீண். நெறிக்குழு ஒப்புதலுக்கு இரண்டு மாதமும், மற்ற அனுமதிகளுக்கு ஏழு மாதமும் எனக்கு ஆயின.

2. எந்த ஆமை என்பதை உறுதிசெய்தல்

ஒட்டுண்ணியின் விவரிப்பில் ஓம்புயிரின், அதாவது அது தங்கி வாழும் விலங்கின், பெயர் தவறினால் கட்டுரையே சாய்ந்துவிடும். ஒவ்வோர் ஆமையையும் முதுகோடு, வயிற்றோடு, தலையின் இரு பக்கம் என நான்கு கோணங்களில், அளவுகோலுடன் படமெடுங்கள். மலாய்க்காரர்கள் குரா-குரா காத்தூப் என்று அழைக்கும் மூடு ஆமைக்கு, கூவோரா அம்போய்னென்சிஸ் என்பது அதன் அறிவியல் பெயர், வயிற்றோட்டில் கீல் போன்ற மடிப்பு இருக்கும்; பயந்தால் முழுவதும் மூடிக்கொள்ளும். கருப்புச் சதுப்பு ஆமையான சீபென்ராக்கியெல்லா கிராசிகாலிஸுக்கு அந்த மடிப்பு கிடையாது. மென்மையான ஓடுடைய லாபி-லாபிகள் வேறு குடும்பம். ஊர்க்காரர்கள் சொல்லும் பெயரைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம், ஆனால் அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. கோவில் குளங்களிலும் பூங்கா ஏரிகளிலும் நீங்கள் பார்க்கும் ஆமைகளில் பல, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடுள்ள அமெரிக்க ஆமைகள். செல்லப் பிராணியாக வாங்கி வளர்த்து, அலுத்துப்போனதும், அல்லது புண்ணியம் என்று நினைத்தும், குளத்தில் விடப்பட்டவை. ஆயர் ஈத்தாமின் கெக் லோக் சி கோவிலில் இருக்கும் ஆமைக் குளத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரே நீரில் எத்தனை ஆமைகள் நெருங்கிக் கிடக்க முடியும் என்பது தெரியும். அமெரிக்க ஆமைகளோடு அவற்றின் புழுக்களும் பயணம் செய்கின்றன. ஐரோப்பாவில் உள்நாட்டு ஆமைகளிடம் அமெரிக்கப் பாலிஸ்டோமாட்டிடே புழுக்கள் தொற்றியிருப்பது ஏற்கெனவே கண்டறியப்பட்டிருக்கிறது. எனவே நகரக் குளத்து மூடு ஆமையில் கிடைத்த புழு, நம் நாட்டுக்குப் புதிது என்பதாலேயே அறிவியலுக்குப் புதிது ஆகிவிடாது.

3. புழுவை எடுத்தல்

ஆமையைக் கொல்லாமலேயே பாதி வேலையை முடிக்கலாம். ஒவ்வோர் ஆமையையும் தனித்தனித் தொட்டியில், சில சென்டிமீட்டர் உயர நீரில் இரண்டு மூன்று நாள் வைத்து, அந்த நீரைச் சல்லடைகளில் வடிகட்டி, எஞ்சியதை நுண்ணோக்கியில் பாருங்கள். பாலிஸ்டோமாட்டிடே புழுக்களின் முட்டைகள் பொன்பழுப்பு நிறத்தில் எளிதில் தென்படும். முட்டை கிடைத்தால் அந்த ஆமையில் புழு இருக்கிறது என்று தெரியும். ஆனால் முட்டையை வைத்து இனத்தை விவரிக்க முடியாது. முதிர்ந்த புழு தேவை.

கண்ணிமைப் புழுவை உயிருள்ள ஆமையிலிருந்து எடுக்கலாம். ஆனால் மயக்க மருந்தும் கால்நடை மருத்துவரும் இல்லாமல் முயலாதீர்கள். நான் முதன்முதலில் பார்த்த தருணத்தைச் சொல்கிறேன்: மருத்துவர் கீழிமையை மழுங்கிய கருவியால் மெல்ல விலக்கினார், இளஞ்சிவப்புத் திசுவின் மடிப்பில், அரிசி நொய் அளவில் ஏதோ ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது. பீளை என்றுதான் நினைத்தேன். அது நீண்டு, சுருங்கி, மறுபடி நீண்டது. பின்முனையில் ஆறு உறிஞ்சிகளால் பற்றியிருந்ததால் இழுத்தால் கிழிந்திருக்கும். சற்றுப் பொறுத்து, அது பிடி தளர்த்தும்போது தூக்கினோம்.

இறந்த ஆமை கிடைத்தால் நேரம்தான் எதிரி. நம் வெயிலில் சில மணி நேரத்திலேயே புழுக்கள் சிதையத் தொடங்கிவிடும். பனிக்கட்டிப் பெட்டியில் குளிர்ச்சியாகக் கொண்டுவாருங்கள், ஆனால் உறைய விடாதீர்கள். உறைந்த புழுவின் உள்ளுறுப்புகள் சிதைந்து, விவரிப்புக்குப் பயன்படாமல் போகும். வீட்டுக் குளிர்பெட்டி கூடவே கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆய்வகம் பூட்டியிருந்ததால் ஆமையைப் பையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். “ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு உனக்குத் தெரியாதா?” என்று அம்மா வாசலிலேயே மறித்துவிட்டார். அவர் காரணம் வேறாக இருந்தாலும் முடிவு சரி: ஆமைகள் சால்மொனெல்லா கிருமியைச் சுமப்பவை, சாப்பாட்டுப் பொருளின் பக்கத்தில் அவற்றுக்கு இடமில்லை.

அறுக்கும்போது வாய், கண்கள், சிறுநீர்ப்பை ஆகியவற்றைத் தனித்தனிக் கிண்ணங்களில், உப்புக் கரைசலில் வையுங்கள். குழாய் நீரில் போட்டால் புழு ஊதி வெடிக்கும். கிண்ணங்களைக் கலக்கவே கூடாது. ஒரே ஆமையின் வாயிலும் சிறுநீர்ப்பையிலும் கண்ணிலும் இருப்பவை பெரும்பாலும் வெவ்வேறு இனங்கள். எந்த உறுப்பில் இருந்தது என்பது அடையாளத்தின் ஒரு பகுதி.

4. பதப்படுத்துதலும் லேபிளும்

கிடைத்த புழுக்களை இரண்டு பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்கு உருவ அமைப்பைப் பார்ப்பதற்கு: கண்ணாடித் தகட்டில் ஒரு துளி உப்புக் கரைசலில் வைத்து, மூடியை மிக மெதுவாக இறக்கி, சமன்படுத்திய 10 விழுக்காட்டு ஃபார்மலினை ஓரத்திலிருந்து விடுங்கள். தட்டையாக வேண்டும் என்ற ஆசையில் நான் மூடியை அழுத்தினேன்; புழுவின் பக்கச் சுவர் பிளந்து, முட்டை வெளியே வந்து, உறுப்புகளின் அளவுகள் எல்லாம் மாறிப்போயின. மூடியின் எடையே போதும். மற்றொரு பங்கு டி.என்.ஏ.வுக்கு: நேராக 96 விழுக்காட்டு எத்தனாலில். ஃபார்மலினில் ஒருமுறை நனைந்த புழுவிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது பெரும்பாடு, எனவே இரண்டு குப்பிகளும் மேசையில் ஒன்றன் பக்கத்தில் ஒன்று நிற்க வேண்டாம்.

லேபிளைப் பற்றி நான் எவ்வளவு சொன்னாலும் குறைவுதான். குப்பியின் வெளிப்புறத்தில் மார்க்கர் பேனாவால் எழுதிய என் முதல் பதினோரு லேபிள்கள், எத்தனால் ஒரு துளி கசிந்ததும் நீல நிறக் கறையாக வழிந்து போயின. கணினி அச்சிட்ட வெப்பத்தாள் லேபிளும் அப்படித்தான் மங்கும். கெட்டித் தாளில் பென்சிலால் எழுதி, குப்பிக்குள்ளேயே போடுங்கள். அதில் இருக்க வேண்டியவை: ஆமையின் இனம், ஆமையின் எண், உறுப்பு, இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, எடுத்தவரின் பெயர், எந்தத் திரவம். ‘ஆமை 3, கண்’ என்று மட்டும் எழுதினால் ஆறு மாதம் கழித்து எந்தக் கண், எந்த மூன்று என்று நீங்களே கேட்பீர்கள்.

5. சாயமேற்றி ஸ்லைடு ஆக்குதல்

கார்மைன் சாயம், அமிலம் கலந்த ஆல்கஹாலில் மிகைச் சாயத்தைக் கழுவுதல், 30 விழுக்காட்டிலிருந்து 100 வரை படிப்படியாக ஆல்கஹால், பிறகு கிராம்பு எண்ணெயில் தெளிவாக்கல், கடைசியில் கனடா பால்சம். எந்த ஒட்டுண்ணியியல் கையேட்டிலும் இந்த வரிசை கிடைக்கும் என்பதால் விரிக்கவில்லை. இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். கிராம்பு எண்ணெயை மருந்துக் கடையில் வாங்காதீர்கள், ஆய்வகத் தரம் வேண்டும். இரண்டாவது, பால்சம் காய்வதற்கு வாரக்கணக்காகும். நம் ஈரக்காற்றில் வெளியில் வைத்தால் பூஞ்சை வந்து உட்காரும். ஏறத்தாழ 40 பாகை வெப்பத்தில் உலர்பெட்டியில் எனக்கு ஆறு வாரம் ஆயிற்று. கொக்கிகளையும் முட்களையும் தெளிவாகப் பார்ப்பதற்கு ஓரிரு புழுக்களை மட்டும் அம்மோனியம் பிக்ரேட் கிளிசரினில் ஏற்றிக்கொள்வது நல்லது.

6. உண்மையிலேயே புதியதுதானா?

இந்தப் படியில் அவசரப்பட்டவர்கள்தான் பின்னால் தலைகுனிகிறார்கள். முதலில் நம் மண்ணில் ஏற்கெனவே விவரிக்கப்பட்டவற்றைத் தேடுங்கள். 1960களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கிளாவ்ஸ் ரோடே, மலாயா ஆமைகளிலிருந்து 1963-ல் பாலிஸ்டோமாய்டஸ் மலாயியையும், 1965-ல் ஏஷியாட்டிகஸ், ரென்ஷி என்ற இரண்டு இனங்களையும் விவரித்தார். அவர் கட்டுரைகளில் சில ஜெர்மன் மொழியில் உள்ளன. மொழிபெயர்ப்புச் செயலி உரையைத் தரும், ஆனால் அளவு அட்டவணையை நீங்களே கண்ணால் பாருங்கள். என் செயலி தசமக் காற்புள்ளியை ஆயிரங்களின் காற்புள்ளியாக எடுத்துக்கொண்டு 0,25 மில்லிமீட்டரை எங்கோ கொண்டுபோய் நிறுத்தியது. மூடு ஆமையின் கண்ணிலிருந்து நியோபாலிஸ்டோமா லியூவியை 2000-ல் விவரித்தவர்கள் தென்னாப்பிரிக்காவின் டு பிரீஸும் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சூசன் லிம்மும்.

பழைய பேரினங்களை வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். பின்முனையில் பெரிய கொக்கி இரண்டு இணை இருந்தால் பாலிஸ்டோமாய்டஸ், ஓர் இணை இருந்தால் பாலிஸ்டோமாய்டெல்லா, இல்லவே இல்லையென்றால் நியோபாலிஸ்டோமா என்ற எளிய கணக்கு பாடநூல்களில் இன்னும் இருக்கிறது. ஆனால் 2019-ல் ஆசிய லாபி-லாபிப் புழுக்களுக்காக இந்தோபாலிஸ்டோமா என்ற பேரினமும், 2020-ல் கண்ணிமைப் புழுக்களுக்காக அபலோனியோட்ரேமா, ஆஸிட்ரேமா, ஃபார்னிக்ஸ்ட்ரேமா ஆகிய பேரினங்களும் பிரிக்கப்பட்டுவிட்டன. கண்ணில் எடுத்த புழுவை யோசிக்காமல் நியோபாலிஸ்டோமா என்று எழுதி அனுப்பினால், மதிப்பீட்டாளரின் முதல் கேள்வி அங்கேயே தொடங்கும்.

உறிஞ்சிகள் நான்குதான் இருக்கின்றன, ஆறு இல்லை, ஆகவே புதிய பேரினம் என்று ஒரு நண்பர் நள்ளிரவில் எனக்குப் புலனத்தில் படம் அனுப்பினார். இளம் புழுவில் உறிஞ்சிகள் இணை இணையாகத்தான் தோன்றும். அவரிடம் இருந்தது வளர்ந்து முடியாத குட்டி. கருப்பையில் முட்டையோ, விரையும் சூலகமும் முழு வளர்ச்சியோ இல்லாத புழுவை ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள்.

7. அளவெடுப்பும் ஓவியமும்

குறைந்தது பத்து முதிர்ந்த புழுக்களையாவது அளக்க முயலுங்கள். ஒரே புழுவை வைத்தும் இனத்தை விவரிக்க விதி தடை சொல்லவில்லை, ஆனால் பதிப்பாசிரியர் சொல்வார். உடல் நீளம், பின்முனை ஒட்டுறுப்பின் நீளம், உறிஞ்சிகளின் விட்டம், தொண்டையின் அளவு, விரையின் வடிவம், சூலகம் வலமா இடமா, முட்டையின் அளவு, ஓரக் கொக்கிகளின் நீளம், எல்லாவற்றுக்கும் மேலாக இனப்பெருக்கக் குமிழைச் சுற்றியுள்ள முட்களின் எண்ணிக்கை. இந்த முட்களை எண்ணுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. நான் ஒரே புழுவில் திங்கட்கிழமை 31, புதன்கிழமை 33 என்று எண்ணினேன். எண்ணெய் வில்லையில் குவியத்தை மேலும் கீழும் நகர்த்தியபோதுதான் ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்திருப்பது தெரிந்தது. ஒரே நாளில் எண்ணி முடிக்காதீர்கள், இன்னொருவரையும் தனியாக எண்ணச் சொல்லுங்கள்.

புகைப்படம் ஓவியத்துக்கு மாற்றாகாது. நுண்ணோக்கியில் பொருத்தும் வரைகுழாய் வழியே பென்சிலால் வரைந்து, பிறகு இங்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளில் கோடு இழுங்கள். அளவுக்கோட்டை அப்போதே போட்டுவிடுங்கள்.

8. டி.என்.ஏ.

முழுப் புழுவையும் அரைத்துவிடாதீர்கள். உடலின் ஓரத்தில் சிறு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு, மீதியை ஸ்லைடாக்குங்கள். அப்போதுதான் எந்த உடலிலிருந்து எந்த வரிசை வந்தது என்று காட்ட முடியும். இக்குடும்பத்தில் ஒப்பீட்டுக்கு அதிகம் கிடைப்பவை 18எஸ், 28எஸ், 12எஸ், சி.ஓ.ஐ. என்ற மரபணுப் பகுதிகள். வரிசைகளை ஜென்பாங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தில் பதிவது இலவசம்; ஆனால் வெளியீட்டுத் தேதியைக் கட்டுரை வரும்வரை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள், இனப்பெயரையும் அதுவரை எழுதாதீர்கள்.

9. பெயரும் விதித்தொகுப்பும்

விலங்குப் பெயரிடலின் அனைத்துலக விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதைப் பணம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை. இணையத்தில் முழுமையாகப் படிக்கலாம். மேலே சொன்ன சூசன் லிம், இதை வெளியிடும் அனைத்துலக ஆணையத்தின் உறுப்பினராகவும் இருந்தவர் என்பதால், மலேசியாவில் ஒட்டுண்ணி படிக்கும் எவருக்கும் இது தூரத்து விஷயம் அல்ல. உங்கள் பெயர் செல்லுபடியாவதற்குக் கட்டாயம் இருக்க வேண்டியவை: புதிய இனம் என்று வெளிப்படையான அறிவிப்பு, மற்ற இனங்களிலிருந்து பிரித்துக்காட்டும் விவரிப்பு, இனப்பெயருக்கு ஆதாரமாக நிற்கும் தனி மாதிரியான ஹோலோடைப் எது என்ற தெளிவான குறிப்பு, அது எந்த ஊரில் எந்தச் சேகரத்தில் இருக்கும் என்ற வாக்கியம். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் பெயர் நிற்காது.

2012-ல் வந்த திருத்தத்தின்படி, மின்வடிவில் மட்டும் வெளிவரும் கட்டுரை, விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபாங்கில் முன்பே பதிவாகியிருக்க வேண்டும். அந்தப் பதிவு கட்டுரைக்குள்ளும் குறிக்கப்பட வேண்டும். பதிவு இலவசம். பதிப்பகம் பதியுமா, நீங்கள் பதிய வேண்டுமா என்று எழுதிக் கேளுங்கள். அவர்கள் செய்வார்கள் என்று நீங்களும், நீங்கள் செய்திருப்பீர்கள் என்று அவர்களும் இருந்துவிட்டால் பெயர் அந்தரத்தில் தொங்கும். ஜூபாங்கில் பதிவதே பெயரை வெளியிட்டதாகாது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

மாநாட்டுச் சுருக்கத்திலோ, சுவரொட்டியிலோ, முகநூலிலோ பெயரை எழுதுவதால் பெயர் உருவாகாது. ஆனால் மற்றவர் கண்ணில் பட்டுவிடும். விவரிப்பில்லாத வெறும் பெயருக்கு எந்த உரிமையும் கிடையாது, அதை வேறு யாரும் வேறு புழுவுக்கு வைக்கலாம். எங்கள் புழுவின் பெயரை இக்கட்டுரையில் நான் எங்கும் எழுதாததற்கும் அதுவே காரணம்.

இலக்கணம் தெரியாமல் இலத்தீனில் கைவைத்தால் சிரிப்புக்கிடமாகும். பாலிஸ்டோமாய்டஸ் ஆண்பால், அதனால்தான் ஏஷியாட்டிகஸ். நியோபாலிஸ்டோமா ஆணும் பெண்ணும் அல்லாத மூன்றாம் பால். அதனால்தான் அமெரிக்கப் புழு ஒன்றின் பெயர் ஆர்பிகுலாரிஸ் அல்ல, ஆர்பிகுலாரே. ஆகவே பினாங்கின் பெயரை வைப்பதானால் முன்னதில் பினாங்கென்சிஸ், பின்னதில் பினாங்கென்சே. ஒருவரைப் பெருமைப்படுத்துவதானால் ஆணின் பெயருக்குப் பின் ‘i’ என்ற ஒற்றை எழுத்து, பெண்ணின் பெயருக்குப் பின் ‘ae’ என்ற இரண்டு எழுத்துகள். மலேசிய மூடு ஆமையிலும் கருப்புச் சதுப்பு ஆமையிலும் கிடைத்த இரத்தக்குழாய்ப் புழுவுக்கு 2016-ல் அன்றைய அமெரிக்க அதிபரைப் பெருமைப்படுத்திப் பாராக்ட்ரேமா ஒபாமாய் என்று பெயர் வைத்தார்கள். புழுவுக்குப் பெயர் வைத்தால் அது மரியாதைதான் என்று உங்கள் மேற்பார்வையாளருக்கு நீங்கள் விளக்க வேண்டியிராது. உங்கள் பாட்டிக்கு விளக்க வேண்டியிருக்கும். உங்கள் சொந்தப் பெயரை வைப்பதை விதி தடுக்கவில்லை, துறையினர் மன்னிக்க மாட்டார்கள்.

10. மாதிரிகளை ஒப்படைத்தல்

ஹோலோடைப் உங்கள் இழுப்பறையில் இருக்கக் கூடாது. கட்டுரையை அனுப்புவதற்கு முன்பே சேகரக் காப்பாளருக்கு எழுதி, பதிவு எண்களை வாங்குங்கள். எனக்கு அதற்கு ஐந்து வாரம் ஆயிற்று. ஹோலோடைப்பை நாட்டிலுள்ள பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்திலும், துணை மாதிரிகளில் சிலவற்றைச் சிங்கப்பூரின் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் போன்ற இன்னோரிடத்திலும் பிரித்து வைப்பது பாதுகாப்பு. ஆனால் எல்லை தாண்டும் ஒவ்வொரு ஸ்லைடும் 795-ஆம் சட்டத்தின் அனுமதிக்கு உட்பட வேண்டும்.

இன்னொரு நுணுக்கம்: அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் புழு இல்லை, ஆமை இருக்கிறது. மூடு ஆமையும் கருப்புச் சதுப்பு ஆமையும் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளவை. புழுவோடு ஆமையின் திசுத் துண்டையோ இரத்தத்தையோ சேர்த்து அனுப்பினால் அது வேறு வழக்கு. எத்தனால் குப்பிகளை விமானத்தில் அனுப்புவதற்கு, உட்குப்பி ஒன்றில் 30 மில்லிலிட்டருக்கு மேற்படாத அளவை அனுமதிக்கும் ஏ180 என்ற சிறப்பு விதி உண்டு. அந்த எண்ணைச் சொல்லாவிட்டால் அஞ்சல் முகப்பில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காய்ந்த ஸ்லைடுக்கு இந்தத் தொல்லை இல்லை.

11. இதழும் செலவும்

பணம் கட்டாமல் வெளியிட முடியும். ஜூடாக்ஸா, சிஸ்டமேட்டிக் பாரசைட்டாலஜி போன்ற இதழ்களில் திறந்த அணுகல் கேட்காவிட்டால் ஆசிரியருக்குக் கட்டணம் இல்லை. ‘மூன்று நாளில் ஏற்பு’ என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களைத் திறக்காமலேயே அழியுங்கள். ஜூபாங் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது.

என் கைப்பணம் மொத்தம் ஏறத்தாழ 2,300 ரிங்கிட் போயிற்று. அதில் பெரும்பகுதி டி.என்.ஏ. வரிசைக்கும், தீவுக்கும் நிபோங் திபாலுக்கும் இடையே அலைந்த பெட்ரோலுக்கும், கால்நடை மருத்துவருக்கும். லேபிள் தாளுக்கும் பென்சிலுக்கும் ஆனது 14 ரிங்கிட்.

மதிப்பீடு ஐந்து மாதம் எடுத்தது. ஏற்புக் கடிதம் வந்த அன்றே மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள்: அச்சுப்படியில் பேரினத்தின் பாலும் இனப்பெயரின் இறுதி எழுத்தும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள், ஜென்பாங்கில் நிறுத்தி வைத்த பதிவுகளுக்கு வெளியீட்டுத் தேதி குறியுங்கள், உங்களுக்கு அனுமதி தந்த ஒவ்வோர் அலுவலகத்துக்கும் இறுதி அறிக்கையை மலாய்ச் சுருக்கத்தோடு அனுப்புங்கள். அறிக்கை நிலுவையில் இருந்தால் அடுத்த அனுமதி நகராது. எனக்குப் பின்னால் அதே வாய்க்காலில் ஆமை தேட வந்த மாணவரின் விண்ணப்பம் என் அறிக்கைக்காக இரண்டு மாதம் காத்துக் கிடந்தது.